நீட் எக்ஸாம்: மதியம் 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவுல என்ன பண்ணணும்

நீட் எழுதப்போற நம்ம வடசென்னை தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன், வியாசர்பாடியோ கொருக்குப்பேட்டையோ எண்ணூரோ மணலியோ எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. பாடத்தை எப்படி படிக்கிறதுன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, யூட்யூப் தொறந்தா கொட்டுது. படிச்சதை மூணு மணி நேரத்துக்குள்ள எப்படி ஷீட்ல இறக்குறதுன்னு பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றவங்கதான் கம்மி. கடைசி ஒரு மாசத்துல புதுசா ரெண்டு சேப்டரை இழுத்துப் போட்டு படிக்கிறதை விட இந்த டைம் விஷயத்தை சரி பண்ணினா வர்ற மார்க் அதிகம், இது என் அபிப்பிராயம். நீட் வேணுமா வேணாமாங்குறது வேற பேச்சு, அது சட்டசபையிலயும் கோர்ட்லயும் ஓடிட்டு இருக்கட்டும், ஹால் டிக்கெட் கைக்கு வந்துட்டா அந்த ஒரு மதியம்தான் நமக்கு கணக்கு.

முதல்ல பேப்பர் எப்படி இருக்கும்னு பாத்துடலாம். பிசிக்ஸ் 45 கேள்வி, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90, மொத்தம் 180. சாய்ஸ் கிடையாது. சரியா இருந்தா 4 மார்க், தப்பா இருந்தா 1 மார்க் போயிடும், தொடாம விட்டா ஒண்ணுமில்ல. ஆக மொத்தம் 720, நேரம் 180 நிமிஷம். 2025 பேப்பர் இப்படித்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி 2021-ல இருந்து 2024 வரைக்கும் பி செக்‌ஷன்னு ஒண்ணு வச்சு 15 கேள்வி கொடுத்து அதுல 10 எழுதினா போதும்னு விட்டிருந்தாங்க, 2022-ல இருந்து நேரமும் 200 நிமிஷமா இருந்துச்சு. இப்போ அந்தப் பழைய கதை எதுக்குன்னா, நிறைய பசங்க அந்த வருஷத்து பேப்பரை எடுத்து அதுல போட்டிருக்குற மாதிரியே 200 நிமிஷம் வச்சு எழுதிட்டு "அண்ணா எனக்கு டைம் பத்துது"ன்னு சந்தோஷமா வந்து நிக்கிறாங்க. பத்தாது தம்பி. அந்த பேப்பர்ல ஒவ்வொரு பி செக்‌ஷன்லயும் முதல் 10 கேள்வியை மட்டும் வச்சுக்கோ, மிச்சம் அஞ்சை பேனாவால அடிச்சுடு, சரியா 180 ஆயிடும். அப்புறம் 180 நிமிஷத்துக்கு அலாரம் வை.

ஸ்டேட் போர்டுல படிச்சவங்களுக்கு இன்னொரு விஷயம். பிளஸ் டூ பப்ளிக்ல 10 மணிக்கு பேப்பர் குடுத்து 10 நிமிஷம் படிக்க விடுவாங்க, 5 நிமிஷம் டீட்டெய்ல்ஸ் எழுத விடுவாங்க, அப்புறம்தான் 10:15-ல இருந்து மூணு மணி நேரம் ஓடும். நீட்ல படிக்கிறதுக்குன்னு தனி நேரம் கிடையாது. பப்ளிக்ல எல்லாம் காலையில, இங்க நடு மதியம். பப்ளிக்ல தப்பா எழுதினாலும் ஸ்டெப்புக்கு மார்க் போடுவாங்க, இங்க ஸ்டெப்பை யாரும் பாக்க மாட்டாங்க. பன்னெண்டு வருஷமா "விட்டுடாத, ஏதாவது எழுதி வை"ன்னு சொல்லி வளத்த புள்ளைங்க நாம, அந்தப் பழக்கம் இங்க மார்க்கைத் தின்னுடும்.

கேள்விக்கு ஒரு நிமிஷம்ங்குறது பொய்க் கணக்கு

180 கேள்வி 180 நிமிஷம், அப்போ ஒண்ணுக்கு ஒரு நிமிஷம், சூப்பர்னு தோணும். ஓஎம்ஆர் ஷீட்ல வட்டத்தை நிரப்புறதை அந்தக் கணக்குல யாரும் சேக்குறதில்ல. ஒரு வட்டத்தை ஒழுங்கா நிரப்ப அஞ்சு செகண்ட்னு வச்சாக்கூட 180-க்கு 15 நிமிஷம் அதுக்கே போயிடுது. நடுவுல இன்விஜிலேட்டர் கையெழுத்து, ரேகை, போட்டோ செக்கிங்னு ரெண்டு மூணு தடவை வந்து நிப்பாங்க, அப்போ ஓடிட்டு இருந்த கணக்கு அறுந்து போயி மறுபடி முதல்ல இருந்து போடணும். இதெல்லாம் போக கையில உண்மையா நிக்கிறது 160 நிமிஷம் சொச்சம்தான். அதனால கடிகாரத்தைப் பாத்து கேள்விக்கு ஒண்ணு கேள்விக்கு ஒண்ணுன்னு எண்ணாதே, சப்ஜெக்ட் சப்ஜெக்டா பிரி.

நான் பசங்களுக்கு சொல்ற பிரிப்பு இதுதான். 2:00-ல இருந்து 2:50 வரைக்கும் பயாலஜி. 2:50-ல இருந்து 3:40 வரைக்கும் கெமிஸ்ட்ரி. 3:40-ல இருந்து 4:45 வரைக்கும் பிசிக்ஸ். கடைசி 15 நிமிஷம் விட்டு வச்சதுக்கு. இந்த நேரம் எல்லாமே வட்டம் போடுறதையும் சேத்துத்தான்.

ஏன் பயாலஜி முதல்ல? 90 கேள்வி, 360 மார்க், பேப்பர்ல சரிபாதி. அதுல முக்கால்வாசி தெரியும் இல்ல தெரியாது ரகம், பேனாவை பேப்பர்ல வச்சு கணக்கு போட வேண்டிய வேலை கம்மி. 50 நிமிஷத்துல பாதி பேப்பரை முடிச்சுட்டோம்ங்குற தைரியம் இருக்கே, அது பிசிக்ஸ் பக்கம் போறப்போ நல்லா கை குடுக்கும். இன்னொண்ணு, ரெண்டு பேர் ஒரே மார்க் வாங்கினா ரேங்க் பிரிக்கிறப்போ முதல்ல பயாலஜி மார்க்கைத்தான் பாக்குறாங்க, அப்புறம் கெமிஸ்ட்ரி, அப்புறம்தான் பிசிக்ஸ். சில பேர் "எனக்கு பிசிக்ஸ்தான் ஸ்ட்ராங், அதை முதல்ல முடிச்சுடுறேன்"னு சொல்லுவாங்க, ஸ்ட்ராங்கா இருக்குறவங்கதான் ஒரு கணக்கை விடாம கட்டிப் புடிச்சு உருளுவாங்க, 3:20 ஆனாலும் எந்திரிக்க மாட்டாங்க. அதனால அவங்களுக்கும் நான் பயாலஜிதான் முதல்லன்னு சொல்லுவேன். கெமிஸ்ட்ரிக்கும் பிசிக்ஸுக்கும் நடுவுல வேணும்னா மாத்திக்கோ, அது உன் இஷ்டம், ஆனா என்ன ஆர்டரோ அதை மாக் டெஸ்ட்லயே முடிவு பண்ணிடு, ஹால்ல உக்காந்துட்டு புதுசா யோசிக்காதே.

புக்லெட்ல எந்த சப்ஜெக்ட் முன்னாடி இருந்தாலும் நீ உன் ஆர்டர்ல போகலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஒரே ஒரு ஆபத்து, நடுவுல இருந்து ஆரம்பிக்கிறப்போ ஓஎம்ஆர்லயும் அதே நம்பர்ல ஆரம்பிக்கணும். பயாலஜி 91-வது கேள்வியில தொடங்குச்சுன்னா ஷீட்லயும் 91-ஐ தேடி புடிச்சு விரலை வச்சுக்கிட்டு ஆரம்பி, பழக்க தோஷத்துல 1-ல போட்டுட்டா பேனாவை அழிக்க வழியே கிடையாது.

வட்டம் போடுறது பத்தி கொஞ்சம் விலாவாரியா

இதை சின்ன விஷயம்னு தள்ளிடாதே, நல்லா படிச்ச புள்ளைங்க அழுதுட்டு வெளிய வர்றது பெரும்பாலும் இங்கதான். 37-வது கேள்வி தெரியல, விட்டுட்டு 38 போற, ஷீட்ல 37-க்கு எதிர்ல வட்டம் போட்டுடுற, அப்புறம் 39-ஐ 38-ல, 40-ஐ 39-லன்னு வரிசையா ஒரு படி இறங்கி போயிட்டே இருக்கும், 52 வந்தப்போதான் தெரியும். அத்தனையும் போச்சு.

மூணு விதமா வட்டம் போடுறாங்க. ஒவ்வொரு கேள்விக்கும் உடனே போடுறவங்க, எல்லாம் முடிச்சு கடைசில மொத்தமா போடுறவங்க, பக்கம் பக்கமா போடுறவங்க. கடைசில மொத்தமா போடுற வேலையே வேணாம், 4:40-க்கு கை நடுங்கிட்டே 180 வட்டம் போடுறதெல்லாம் தற்கொலைக்கு சமம். உடனுக்குடனே போட்டா புக்லெட்டுக்கும் ஷீட்டுக்கும் தலை ஆடிட்டே இருக்கும், கவனம் சிதறும். பக்கம் பக்கமா போடுறதுதான் நல்லா இருக்கு. புக்லெட்ல ஒரு பக்கம் முழுக்க விடையை ரவுண்ட் பண்ணிட்டு, அந்தப் பக்கத்தை முடிச்ச கையோட மனசுக்குள்ள "91க்கு 3, 92க்கு 1, 93 விட்டாச்சு, 94க்கு 4"ன்னு சொல்லிக்கிட்டே ஷீட்ல இறக்கு. விட்டதையும் வாய்க்குள்ள சொல்லணும், அதுதான் சூட்சுமம், அதை சொன்னா ஒரு படி இறங்குற தப்பே வராது. பக்கம் முடியுறப்போ கடைசி கேள்வி நம்பரும் கடைசி வட்டத்தோட நம்பரும் ஒண்ணான்னு ஒரு பார்வை. நீட்ல ஆப்ஷன் ஏ பி சி டி கிடையாது, 1 2 3 4-தான், பழைய கைடுல ஏ பி சி டி வச்சு பழகினவங்க கொஞ்சம் பாத்துக்கோங்க.

கறுப்பு பால் பாயின்ட் பேனா சென்டர்லயே தர்றாங்க. அது வழுக்கும், சில நேரம் திட்டு திட்டா விழும். வீட்டுல ஜெல் பேனாவுல பழகினா அங்க போயி தடுமாறுவ. பத்து ரூபா கறுப்பு பால் பேனா ஒண்ணு வாங்கி, நெட்ல கிடைக்கிற ஓஎம்ஆர் ஷீட்டை ஜெராக்ஸ் கடையில ஒரு கட்டு எடுத்து வச்சுக்கிட்டு, மாக் டெஸ்ட் எல்லாமே அதுலயே எழுது. போன்ல ஆப்ல டச் பண்ணி எழுதுற டெஸ்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ரெண்டு சுத்து

நம்ம ஏரியாவுல கேரம் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. பாக்கெட் வாசல்லயே காயின் நிக்கிறப்போ அதை விட்டுட்டு எவனாவது பின்னாடி மறைஞ்சு கிடக்குற ரெட்டுக்கு கட் அடிப்பானா? இங்கயும் அதே ஆட்டம்தான். முதல் சுத்துல பாத்த உடனே வழி தெரியுற கேள்வி மட்டும். படிச்சு முடிச்சு அரை நிமிஷம் ஆச்சு, இன்னும் எப்படி ஆரம்பிக்கணும்னே தெரியலன்னா புக்லெட்ல ஒரு குறி போட்டுட்டு தாண்டிடு. குறியிலயும் ரெண்டு வகை வை: வழி தெரியும் ஆனா நீளம்னா ஒரு ஸ்டார், சுத்தமா தெரியாதுன்னா பெருக்கல் குறி. ரெண்டாவது சுத்துல ஸ்டார் மட்டும் தேடிப் போ, பெருக்கல் பக்கம் நேரம் மிஞ்சினா பாத்துக்கலாம்.

இதுல மனசு கேக்காது, அதான் பிரச்சனை. பாதி போட்ட கணக்கை விட்டுட்டு வர்றதுக்கு பெரிய தைரியம் வேணும். ஒரு கணக்குல நாலு நிமிஷம் போட்டாச்சு, இன்னும் ஒரு நிமிஷத்துல வந்துடும்னு தோணும், அந்த நாலு நிமிஷம் ஏற்கனவே போயாச்சு, அது திரும்ப வராது, இனிமே போடப்போற நிமிஷத்துக்கு அந்தக் கணக்கு தகுதியான்னு மட்டும் பாரு. அதே நேரத்துல பின்னாடி பக்கத்துல ஒரு கல்லை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்துல நேரா மேல எறிஞ்சா எவ்வளவு உயரம் போகும், ஜி 10-னு வச்சுக்கோன்னு ஒரு கேள்வி காத்துக்கிட்டு இருக்கலாம். 20-ஓட ஸ்கொயர் 400, அதை 2 இன்ட்டு 10-ஆல வகுத்தா 20 மீட்டர், பத்து செகண்ட் வேலை. இதுக்கும் 4 மார்க், நீ மல்லுக்கட்டிட்டு இருக்குற கணக்குக்கும் 4 மார்க்தான்.

பயாலஜியில நேரத்தைத் தின்னுறது "பொருத்துக" ரகமும், ஸ்டேட்மென்ட் 1 ஸ்டேட்மென்ட் 2 ரகமும். பொருத்துகல நாலு ஜோடியையும் போட்டுப் பாக்குறது வேண்டாத வேலை. இந்தப் பக்கம் இன்சுலின், தைராக்சின், அட்ரினலின், மெலடோனின், அந்தப் பக்கம் பீனியல், கணையம், அட்ரினல் மெடுல்லா, தைராய்டு இருக்குன்னு வை. உனக்கு கண்ணை மூடிட்டு தெரியுற ஒண்ணை மட்டும் எடு, இன்சுலின்னா கணையம். அது இல்லாத ஆப்ஷன் எல்லாத்தையும் அடி, பெரும்பாலும் ரெண்டுதான் நிக்கும், அடுத்து மெலடோனின் பீனியல்னு பாத்தா ஒண்ணுதான் நிக்கும். 15 செகண்ட். மத்த ரெண்டு ஜோடியை தொடவே வேணாம். ஸ்டேட்மென்ட் கேள்வியில "மட்டும்", "எல்லா", "ஒருபோதும்" மாதிரி வார்த்தை வந்தா அதுக்கு கீழ ஒரு கோடு போட்டுட்டு படி, பாதி தப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும். "தவறானது எது"ன்னு கேட்டிருந்தா அந்த "தவறானது"க்கும் ஒரு ரவுண்ட்.

கெமிஸ்ட்ரியில இனார்கானிக்கும் ஆர்கானிக்கும் முதல் சுத்துல, பிசிக்கல் கெமிஸ்ட்ரி கணக்கு எல்லாம் ரெண்டாவது சுத்துல. பிசிக்ஸ்ல கால்குலேட்டர் கிடையாது, அதனால கணக்கை முழுசா இழுக்காம ஆப்ஷனைப் பாத்துட்டு ஆரம்பி. நாலு விடையும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரமா இருந்தா 9.8-ஐ 10-னு எடுத்துக்கிட்டா போதும், பை ஸ்கொயரையும் 10-னு எடுத்துக்கலாம், எது கிட்ட வருதோ அதுதான். சிம்பிளா யூனிட் பாத்தே ஒண்ணு ரெண்டு ஆப்ஷனை தூக்கிடலாம், நேரம் கேட்டா மீட்டர்ல விடை வர முடியாதுல்ல.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வை, பிசிக்ஸ் கஷ்டமா வந்தா அது உனக்கு மட்டும் கஷ்டம் இல்ல. 2025-ல பிசிக்ஸ் பாத்துட்டு ஹால்லயே உறைஞ்சு போனவங்க எத்தனையோ பேர், அந்த வருஷம் இந்தியா முழுக்க முதல் மார்க்கே 686தான், அதுக்கு முந்தின வருஷம் 720க்கு 720 வாங்கினவங்களே ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. பேப்பர் கஷ்டமானா கட் ஆஃபும் கூடவே இறங்கும். அதுவும் அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்ச புள்ளைங்களுக்கு 2020-ல இருந்து 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு, அந்த லிஸ்ட்ல பத்து மார்க் எங்க கொண்டு போய் நிறுத்தும்னு கவுன்சிலிங் பாத்தவங்களைக் கேளு, ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ் நம்ம வடசென்னையிலயே வேற இருக்கு.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு

தமிழ் கேட்டு அப்ளை பண்ணினா புக்லெட்ல இங்கிலீஷும் தமிழும் ரெண்டும் இருக்கும். மொழிபெயர்ப்புல ஏதாவது குழப்பம் வந்தா இங்கிலீஷ்ல இருக்குறதுதான் இறுதின்னு ரூல். இது சும்மா ஏட்டு ரூல் இல்ல. 2018-ல தமிழ் பேப்பர்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்பு தப்புன்னு கேஸ் போயி, மதுரை ஐகோர்ட் கிளை ஆளுக்கு 196 மார்க் குடுக்கச் சொல்லி தீர்ப்பு குடுத்துச்சு, கடைசில சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. அதனால தமிழ்ல படிக்கிறப்போ ஒரு வாக்கியம் இடிச்சா, அதோட மல்லுக்கட்டாம உடனே பக்கத்துல இங்கிலீஷைப் பாரு. அதுக்கு ஒவ்வொரு சேப்டர்லயும் கலைச்சொல்லை மட்டுமாவது ரெண்டு மொழியிலயும் தெரிஞ்சு வச்சுக்கணும். ரெண்டையும் முழுசா படிச்சுப் பாக்குற பழக்கம் வேணாம், ஒரு கேள்விக்கு இருபது செகண்ட் கூடிச்சுன்னாலே 180-க்கு ஒரு மணி நேரம் போயிடும்.

குருட்டாம்போக்குல வட்டம் போடலாமா?

எல்லாரும் கேக்குற கேள்வி. கணக்கா பாத்தா ஒண்ணுமே தெரியாம நாலு கேள்விக்கு வட்டம் போட்டா சராசரியா ஒண்ணு சரியாகும், 4 வரும், மூணு தப்பாகும், 3 போகும், மிச்சம் 1. அப்போ லாபம்தானேன்னு தோணும். ஆனா ஆப்ஷன் வைக்கிறவங்க சும்மா நாலு நம்பரைப் போடுறதில்ல, நாம எங்க சறுக்குவோம்னு தெரிஞ்சே அந்தத் தப்பு விடையை உள்ள வச்சிருப்பாங்க. "இதுவா இருக்கும்னு தோணுது"ங்குறது பாதி நேரம் அந்தப் பொறிதான். நான் சொல்றது: ரெண்டு ஆப்ஷனை உறுதியா அடிக்க முடிஞ்சா தைரியமா போடு, அப்படி ரெண்டு கேள்வி போட்டா சராசரியா 4 வந்து 1 போகும், கை மேல லாபம். ஒண்ணை மட்டும்தான் அடிக்க முடியுதுன்னா அளவோட போடு. ஒண்ணுமே தெரியலன்னா விட்டுடு. "என்னா ஆயிடும் ணா, ஒரு மார்க்தானே"ன்னு இருபது கேள்விக்கு அள்ளித் தெளிக்கிறது மட்டும் வேணாம்.

இதை விட முக்கியம், தெரிஞ்ச கேள்வியை அவசரத்துல தப்பு பண்ணாம இருக்குறது. அங்க 4 வராம போறதோட 1-ம் சேந்து போகும், அஞ்சு மார்க் அடி.

2 மணிக்கு முன்னாடி

கேட் 1:30-க்கு மூடிடுவாங்க, அதுக்கப்புறம் கலெக்டரே வந்தாலும் உள்ள விட மாட்டாங்க. ஹால் டிக்கெட்ல உனக்குன்னு ஒரு ரிப்போர்ட்டிங் டைம் போட்டிருக்கும், அதுக்கு போயிடு. 1:15-க்கு சீட்ல உக்காந்திருக்கணும், 1:45 வாக்குல புக்லெட் குடுப்பாங்க, டீட்டெய்ல்ஸ் எழுதச் சொல்லுவாங்க, 2 மணிக்கு ஆரம்பம். அந்த பத்து பதினஞ்சு நிமிஷத்துல புக்லெட் கோட் நம்பரும் ஓஎம்ஆர்ல இருக்குற கோட் நம்பரும் ஒண்ணான்னு கண்டிப்பா பாரு, வேறயா இருந்தா உடனே கையைத் தூக்கி மாத்தி வாங்கு. 2 மணிக்குத் தொறந்த உடனே பக்கம் எல்லாம் இருக்கான்னு ஒரு புரட்டு.

கையில வாட்ச் கட்டக்கூடாது. ஹால்ல கடிகாரம் எங்க மாட்டியிருக்குன்னு உக்காந்த உடனே பாத்து வச்சுக்கோ. பாதி நேரம் ஆனப்போ, அதாவது 3:30-க்கு, மணி அடிப்பாங்க. அந்த மணி அடிக்கிறப்போ பயாலஜி முழுசா முடிஞ்சு கெமிஸ்ட்ரி கடைசி பத்துப் பன்னெண்டு கேள்வியில இருந்தா நீ சரியான தடத்துல இருக்க. இல்லன்னா பயந்துடாதே, கெமிஸ்ட்ரியை 3:45-க்கு கறாரா மூடிட்டு பிசிக்ஸுக்கு போயிடு.

பாத்ரூம் போயிட்டு வந்தா மறுபடி செக்கிங், ரேகைன்னு நேரம் போகும், அதனால 1 மணிக்கே போயிட்டு வந்துடு. சண்டேன்னு வீட்டுல பிரியாணி பண்ணினா ராத்திரிக்கு எடுத்து வைக்கச் சொல்லு, 11 மணி வாக்குல இட்லியோ தயிர் சாதமோ போதும். மே மாச வெயில் விளையாட்டு இல்ல, 2025-ல எக்ஸாம் நடந்த மே 4-தான் அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச நாள். அரைக் கை சட்டை, செருப்பு, ட்ரான்ஸ்பரன்ட் தண்ணி பாட்டில். தோடு, கொலுசு, மோதிரம் எல்லாம் வீட்டுலயே கழட்டிடு. ஹால் டிக்கெட்டோட வர்ற படிவத்துல போட்டோ ஒட்டி ரேகை வச்சு ரெடி பண்ணிக்கோ, இன்விஜிலேட்டர் முன்னாடி போட வேண்டிய கையெழுத்தை மட்டும் அவசரப்பட்டு வீட்டுல போட்டுடாதே.

சென்டர் நம்ம ஏரியாவுலயே விழும்னு நம்பாதே, ஊருக்கு மறுகோடியிலயும் விழும். அப்பா அம்மாவுக்கு சொல்றேன், சனிக்கிழமையே ஒரு தடவை போயி கேட்டைத் தொட்டுட்டு வந்துடுங்க. எக்ஸாம் ஞாயித்துக்கிழமை, கும்மிடிப்பூண்டி லைன் ட்ரெயின் எல்லாம் சண்டே டைம்டேபிள்ல ஓடும், வழக்கமா வர்ற வண்டியை நம்பி ஸ்டேஷன்ல நிக்காதீங்க. ரோட்டுல போனா எண்ணூர் பக்கமும் மணலி பக்கமும் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்னா அவ்வளவுதான், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டா அதுக்கு ஒரு கால் மணி நேரம் தனியா வச்சுக்கணும். விம்கோ நகர்ல இருந்து மெட்ரோ இருக்கு, சென்டர் மெட்ரோ பக்கம்னா யோசிக்காம அதுலயே போங்க.

இன்னொண்ணு, கரண்ட் போகும். 2025-ல எக்ஸாம் நடுவுல மழை வந்து ஆவடி பக்கம் ஒரு சென்டர்ல கரண்ட் போயிடுச்சுன்னு பசங்க ஹைகோர்ட் வரைக்கும் போயி திரும்ப எக்ஸாம் வைக்கச் சொல்லி கேட்டாங்க, கிடைக்கல. அதனால அப்படி ஆனா இன்விஜிலேட்டர்கிட்ட சொல்லு, ஆனா வெளிச்சம் வரட்டும்னு பேனாவை வச்சுட்டு உக்காராதே, ஜன்னல் வெளிச்சத்துல படிக்க முடியுற சின்ன கேள்வியா பாத்து போட்டுட்டே இரு.

வீட்டுல பழகுறது

கடைசி ஆறு ஞாயித்துக்கிழமையும் மதியம் 2 டூ 5 உன்னோடது. காலையில ஃப்ரெஷ்ஷா எழுதிட்டு மார்க் பாத்து சந்தோஷப்படுறதுல புண்ணியமில்ல, சாப்பிட்டு கண்ணு சொருகுற அந்த நேரத்துலதான் எழுதணும், உடம்பு அதுக்கு பழகணும். வீட்டுல இடம் இல்ல, டிவி ஓடுது, பக்கத்து வீட்டுல ஸ்பீக்கர் அலறுதுன்னா லைப்ரரியோ டியூஷன் சென்டரோ எங்கயாவது போயி எழுது, இல்லன்னா அந்த சத்தத்துலயே எழுதிப் பழகு, ஹால்லயும் அமைதியா இருக்கும்னு எவன் எழுதிக் குடுத்தான்.

மாக் எழுதி முடிச்சு மார்க் மட்டும் கூட்டிட்டு மூடி வைக்காதே. தப்பான ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு எழுத்து போடு: பாடம் தெரியாம தப்புன்னா "பா", அவசரத்துல தப்புன்னா "அ", வட்டம் மாறினா "வ", நேரம் இல்லாம விட்டதுன்னா "நே". மூணு டெஸ்ட்டுக்கு இப்படி போட்டாலே உன் வண்டி எங்க பஞ்சர்னு தெரிஞ்சுடும். "அ"வும் "நே"வும் நிறைய இருந்தா புதுசா படிக்கிறதை நிறுத்திட்டு இன்னும் டெஸ்ட் எழுது. "பா" நிறைய இருந்தா டெஸ்ட்டைக் குறைச்சுட்டு என்சிஇஆர்டி புக்கை எடு.

இன்ஜினியரிங்குக்கு ஜேஇஇ மெயின் எழுதுறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க, அது கம்ப்யூட்டர்ல, மூணு மணி நேரத்துக்கு 75 கேள்விதான், சப்ஜெக்ட்டுக்கு 25, அதுல 5 கேள்விக்கு விடையை நம்பரா டைப் பண்ணணும், 2025-ல இருந்து அதுக்கும் சாய்ஸ் இல்ல. காலை ஷிஃப்ட் 9 டூ 12, மதியம் 3 டூ 6. ஸ்க்ரீன்லயே டைம் ஓடும், விடையை மாத்திக்கலாம். ரெண்டு சுத்து கதை மட்டும் அங்கயும் பொருந்தும்.

5 மணிக்கு மணி அடிச்சதும் பேனாவை வச்சுடு. ஓஎம்ஆர் ஷீட்டை குடுத்துடணும், கொஸ்டின் புக்லெட்டை நீ வீட்டுக்கு எடுத்துட்டு வரலாம், அதுல நீ ரவுண்ட் பண்ணினது எல்லாம் இருக்கும், பத்திரமா வை. கொஞ்ச நாள்ல, எக்ஸாம் நடத்துற என்டிஏ ஆன்சர் கீயும் உன் ஓஎம்ஆர் ஸ்கேனும் போடுவாங்க, புக்லெட்டையும் ஸ்கேனையும் பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா சரி பாரு. கீ தப்புன்னு உறுதியா தெரிஞ்சா ஒரு கேள்விக்கு 200 ரூபா கட்டி சேலஞ்ச் பண்ணலாம், அதுக்கு ஒரு சில நாள்தான் டைம் குடுப்பாங்க, அதனால எக்ஸாம் முடிஞ்சுதுன்னு போனை ஆஃப் பண்ணிட்டு ஊருக்கு போயிடாதே, மெயிலையும் வெப்சைட்டையும் பாத்துட்டே இரு.